ஒரு நாளைக்கு ஒரு மஸ்ட்

எங்கள் வீட்டில் சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவந்தே தீருவது என்று போன மே மாதம் பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு நான் முடிவு செய்தேன். பத்து மணி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் என் மனைவி கொல்லைப்புற ஷெட்டில் இருப்பாள். பெரிய முடிவுகளை எல்லாம் நான் அந்த நேரத்தில்தான் எடுப்பது வழக்கம்.

என் பெயர் லிங்கேஸ்வரன். போடிநாயக்கனூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். இந்த ஊரில் யாராவது கேன், குட், மே, மஸ்ட் என்று இடமறிந்து சரியாகப் பேசினால் அவர் என்னிடம் படித்தவர். தப்பாகப் பேசினால் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு மைப் பேனா வைத்திருப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் திருத்திவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பேன்.

மனைவி பெயர் சந்திரவல்லி. ஷெட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். அவளிடம் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு கைப்பிடி காயை அள்ளினால் போதும், எட்டு மில்லிமீட்டர் காய் எவ்வளவு, ஏழு மில்லிமீட்டர் எவ்வளவு, வெடிச்ச காய் எவ்வளவு என்று சல்லடை இல்லாமலே சொல்லிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன அன்று என்னையும் அப்படித்தான் ஒரு பார்வை பார்த்தாள். எந்தத் தரம் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் பேசுகிற தமிழை இங்கிலீஷில் பெயர்த்தால் எல்லாமே மஸ்ட். தண்ணி பிடிங்க, மஸ்ட். சிலிண்டருக்குச் சொல்லுங்க, மஸ்ட். அந்த வாயைக் கொஞ்சம் மூடுங்க, மஸ்ட் நாட். நான் பேசுவதெல்லாம் மே. காப்பி கிடைக்குமா, கொஞ்சம் படுத்துக்கவா, யோகராஜ் கூப்பிடுறான் போய்ட்டு வரவா. இருபது வருஷம் நான் இப்படியே ஓட்டினேன். இனியும் ஓட்டியிருப்பேன். ஆனால் இந்த வருஷம் நடவு வந்துவிட்டது.

மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் கோடை மழை விழுந்து மண் இளகியதும், செத்துப்போன தூருக்குப் பதில் புதுக் கன்று வைப்பார்கள். பத்து நாள் மேலேயே தங்கி வேலை முடித்து இறங்குவார்கள். அதற்குத் தங்கல் என்று பெயர். வீட்டு ஆள் ஒருத்தர் கூட நின்றால்தான் குழி குழியாக இருக்கும், வரிசை வரிசையாக இருக்கும். வழக்கமாகப் போகிறவன் மச்சினன் பிரபு. இந்த வருஷம் அவன் பைக்கோடு வாய்க்காலுக்குள் இறங்கி, காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்துவிட்டான். சந்திரவல்லிக்கு ஷெட்டை விட்டு நகர முடியாது, பிரித்த காய் அந்த வாரம் இரண்டு தடவை ஏலத்துக்குப் போக வேண்டும். மீதி இருக்கிற வீட்டு ஆள் யார் என்பதைச் சொல்ல இலக்கணம் தேவையில்லை.

எனக்கு மலை ஆகாது. குளிர்கூடப் பரவாயில்லை. அட்டை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போனபோது என் முழங்காலுக்குக் கீழே பதினேழு அட்டை இருந்தது. எண்ணினது நான் இல்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். கருத்தம்மா எண்ணினாள். அவள்தான் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. அறுபது வயசு, வெற்றிலை வாய், நின்றுகொண்டே தூங்குவாள். அன்றைக்கு என்னைத் தோளில் போட்டு தோட்டத்து ஷெட்டுக்குத் தூக்கி வந்தவளும் அவள்தான். அதை இன்னும் ஊருக்குள் யாரிடம் பேசினாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறாள்.

என் ஆசை ரொம்பச் சின்னது. வருஷம் முழுக்கக் கத்தின தொண்டைக்குப் பத்து நாள் ஓய்வு. மதியம் ஃபேனுக்கு அடியில் பனியனோடு படுத்துப் பேப்பரில் குறுக்கெழுத்து. சாயங்காலம் பக்கத்து வீட்டு யோகராஜுடன் பரோட்டா. இதற்கு மேல் நான் வாழ்க்கையிடம் எதுவும் கேட்டதில்லை.

ஆகவே சட்டம். சார்ட் பேப்பர் வாங்கி, பெரிய எழுத்தில் எழுதி, சமையலறையில் மிக்ஸிக்கு மேலே ஒட்டினேன். மத்தியானம் சாப்பிட வந்தவள் தட்டை எடுத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"இனிமே இந்த வீட்டுல யாரு யாருக்கு வேலை சொன்னாலும் இங்கிலீஷ் துணை வினையோடதான் சொல்லணும். அப்பத்தான் எது கட்டாயம், எது ஆலோசனை, எது வேண்டுகோள்னு தெளிவா இருக்கும். இப்ப எல்லாம் ஒரே குழம்பா இருக்கு."

"குழம்பு நல்லாத்தான இருக்கு. வாசிங்க, கேப்போம்."

"மஸ்ட்டுன்னா செஞ்சே ஆகணும். மறுபேச்சு கிடையாது."

"சரி."

"ஷுட்டுன்னா செய்யுறது நல்லது. செய்யலைன்னா குடி ஒண்ணும் முழுகிறாது. டாக்டரு நடக்கச் சொல்றாருல்ல, அது ஷுட்."

"நீங்க நடக்குறதில்லையே."

"அதான் சொல்றேன். அது ஷுட்."

"அடுத்து?"

"கேன். முடியும்கிறது. ஆனா முடியும்னு சொன்னா செய்வேன்னு அர்த்தம் இல்ல."

"அது இருவது வருசமாப் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"குட். அது கேனைவிடப் பணிவு. பணிவாக் கேக்குறப்ப வரும். அப்புறம், ஒரு காலத்துல முடிஞ்சதுன்னு சொல்றப்பவும் வரும்."

"ஆமா. கல்யாணம் ஆன புதுசுல நீங்க ரெண்டு குடம் தூக்குனீங்க."

நான் அதைத் தாண்டிப் போனேன். "மே. அதுக்கு ரெண்டு வேலை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம், இது ஒண்ணு. இன்னொண்ணு அனுமதி. மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறது. ஹெட்மாஸ்டர் எனக்கு லீவு குடுக்கிற மாதிரி."

"ஒரு சின்ன வார்த்தை ரெண்டு வேலை பாக்குதா. இந்த வீட்டுல அதாவது பாக்குதே." சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "நான் எல்லாத்துக்கும் மஸ்ட்டே போட்டா?"

அங்கேதான் என் மூளை வேலை செய்திருந்தது. சார்ட்டின் அடியில் சிவப்பு மையில் இருந்த வரியைச் சுட்டிக் காட்டினேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மஸ்ட்தான். ரேஷன். சேத்து வைக்க முடியாது. அதுவும் அந்த நாளுக்குள்ள ஆரம்பிச்சு அந்த நாளுக்குள்ள முடியுற வேலைக்குத்தான் செல்லும். நாளைக்கு இழுத்துக்கிட்டுப் போற வேலைக்கு மஸ்ட் செல்லாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தங்கல் ஜீப்பு பதினெட்டாம் தேதி. அவள் அதை மஞ்சள் தொட்டு வட்டம் போட்டு வைத்திருந்தாள். பத்து நாள் வேலை, பத்து மஸ்ட். மலையில் வந்து தினம் ஒரு மஸ்ட் சொல்ல அவளால் முடியாது. சட்டம் என்றால் ஓட்டை இருக்கக் கூடாது, நான் ஓட்டை வைக்கவில்லை.

"ஒங்களுக்கும் ஒண்ணு உண்டா?" என்று கேட்டாள்.

"நிச்சயமா. சமத்துவம்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, கரண்டி பறக்கவில்லை. கை கழுவிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் இந்தச் சட்டத்தைப் பத்து வருஷம் முன்னாலேயே கொண்டுவந்திருப்பேன்.

அந்த வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். முதல் நாள் காலை ஆறரைக்கே பால் வாங்கச் சொல்லி மஸ்ட்டைச் செலவழித்துவிட்டாள். அதன் பிறகு சிலிண்டர் என்றாள்.

"எந்த வினை?"

"ஷுட்."

"நல்ல ஆலோசனை. நன்றி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன்.

மறுநாள் ஒட்டடை அடிக்க ஒரு மஸ்ட். அதற்கு மறுநாள் அவளுடைய சித்தி வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுபோக ஒரு மஸ்ட். மற்றதெல்லாம் ஷுட், குட், கேன். "கேன் யூ அந்த லைட்டை அமத்துங்க" என்றாள் ஒருநாள். "ஐ கேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளே எழுந்து போய் அணைத்தாள்.

என் மஸ்ட்டை நான் ஒரே ஒரு நாள்தான் பயன்படுத்தினேன். உளுந்த வடை போட்டே ஆக வேண்டும் என்றேன். போட்டாள். பொன் நிறம், மொறுமொறு. கடித்தேன். உப்பு இல்லை.

"வல்லி, உப்பு?"

"வடை போடணும்னு மஸ்ட் சொன்னீங்க. போட்டாச்சு. உப்பு போடச் சொல்லி இன்னொரு மஸ்ட் வேணும். அது நாளைக்குத்தான் வரும்."

உப்பை நானே தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மஸ்ட்டை எவ்வளவு சின்னதாக நறுக்கி எடுக்கலாம் என்று அவள் அன்றைக்கே காட்டிவிட்டாள். நான் வடை மொறுமொறுப்பாக இருந்ததில் ஏமாந்துவிட்டேன்.

யோகராஜ் சார்ட்டைப் பார்க்க வந்தான். அவன் வீட்டில் ஜோதி என்றொரு அரசாங்கம் நடக்கிறது. கை கட்டி நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"மாப்ளே, தங்கச்சி இதுக்கு ஒத்துக்கிச்சா?"

"சட்டத்துக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

"எனக்கு ஒரு காப்பி எழுதிக் குடு. எங்க வீட்டுல ரெண்டு மஸ்ட் போட்டுரு. ஒண்ணு பத்தாது, அவ சண்டைக்கு வருவா."

எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஜோதி அதில் அப்பளம் காய வைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் சட்டம் நிற்காது, அதற்கும் ஒரு ஆளுமை வேண்டும் என்று யோகராஜிடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான்.

பதினேழாம் தேதி சாயங்காலம் சந்திரவல்லி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே இருந்தாள். கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. நான் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாளைக்குத் தங்கல் ஜீப்பு போகுது."

"தெரியும்."

"யூ ஷுட் கோ."

"ஆலோசனை. யோசிச்சேன். வேணாம்."

"குட் யூ கோ?"

"பணிவாக் கேட்டதுக்கு நன்றி. பணிவா இல்லைங்குறேன்."

"வுட் யூ கோ?"

"அட்டை இல்லாட்டிப் போவேன். அதான் வுட். நடக்காத ஒண்ணை வச்சுக்கிட்டு நடந்தா எப்படின்னு பேசுறது."

"மஸ்ட் போட முடியாது."

"பத்து நாள் வேலைக்குச் செல்லாது. அடியில எழுதியிருக்கு."

பிறகு தமிழில் சொன்னாள். "நானூறு கன்னு பையில நிக்குது. அப்பா இருந்தப்ப வருசம் ஒரு கன்னுகூட வீணானதில்ல. இப்ப வைக்காம விட்டா மழை வலுத்துரும், பையிலயே அழுகும். வச்சதுலயிருந்து மூணு வருசம் ஆகும் காய்க்க. இந்த வருசம் விட்டா நாலாச்சு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் அப்பா பேச்சை எடுத்தால் குரல் கொஞ்சம் இறங்கும். அதை என்னால் தாங்க முடியாது. வாயைத் திறந்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்று முதுகில் அடித்தது. மூடிக்கொண்டேன்.

"சரி விடுங்க. வேற ஆளு பாத்துட்டேன்" என்று எழுந்தாள்.

"யாரு?"

"இருக்காரு ஒருத்தரு. நம்ம பக்கந்தான். காலையில நேரா ஜீப்புக்கு வந்துருவாரு."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

இங்கே தங்கல் ஜீப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ராக்கையாவின் ஜீப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வருகிறேன் என்று வாயால் யார் சொன்னாலும் ராக்கையா கணக்கில் எடுக்க மாட்டார். வருகிற ஆள் தன் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் தன் கையால் கொண்டுவந்து ஜீப்பின் பின்படியில் வைக்க வேண்டும். தலையை எண்ண மாட்டார்கள், தூக்கைத்தான் எண்ணுவார்கள். பன்னிரண்டு தூக்கு என்றால் ஆறு ஜோடி. ஒருத்தர் கன்றைப் பிடிக்க, ஒருத்தர் மண் அணைக்க, நடவு ஜோடியாகத்தான் நடக்கும். அப்புறம் ஒரு நம்பிக்கை. படியில் வைத்த தூக்கைத் திரும்ப எடுத்தால் அந்த வருஷக் கன்று வேர் பிடிக்காது. எடுத்தவரை அதற்குப் பிறகு எந்த ஜீப்பிலும் ஏற்ற மாட்டார்கள், அந்த வீட்டுத் தோட்டத்துக்கு ஆளும் வராது. இது கருத்தம்மாவின் சட்டம். அதற்குச் சார்ட் கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகப் பிரபு தூக்கு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, கை காட்டி அனுப்பி வைத்தவன் நான்.

பதினெட்டாம் தேதி காலை ஐந்தரைக்கு அவள் என்னை எழுப்பினாள். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"யூ மஸ்ட் டேக் திஸ் தூக்கு டு த ஜீப்."

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். தூக்கம் போய்விட்டது.

"இதான் இன்னைக்கு மஸ்ட்டா?"

"இதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாத்த முடியாது. இன்னைக்குத் தண்ணி வர்ற நாள்."

"தண்ணிய நான் பிடிச்சுக்கிறேன். தூக்கைக் கொண்டுபோங்க. பத்து நிமிச வேலை."

மனசுக்குள் சட்டத்தைப் புரட்டினேன். இன்றைக்கே ஆரம்பித்து இன்றைக்கே முடிகிற வேலை. செல்லும். ஒரு நாள் மஸ்ட்டைப் போய் ஒரு தூக்குவாளிக்கு வீணடிக்கிறாளே என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

"யாருக்குச் சாப்பாடு?"

"தங்கலுக்குப் போறவருக்கு."

"அந்தாளு வீட்டுல செஞ்சு குடுக்க ஆளில்லையா?"

"அவருக்கு நாந்தான் செஞ்சு குடுக்கணும்."

தாராள மனசுக்காரி. கைலியோடு கிளம்பினேன். தடுத்தாள். "சட்டையும் பேண்ட்டும் போட்டுட்டுப் போங்க. நாலு பேரு பாக்குற இடம்." சரி என்று போட்டேன். "கழுத்துல இந்த மஃப்ளரைச் சுத்திக்கங்க. பனி." மே மாதத்தில் போடியில் என்ன பனி என்று கேட்க நினைத்தேன். ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கையால் என் கழுத்தில் ஒன்றைக் கட்டுகிறாள். நான் கழுத்தை நீட்டிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

தூக்கு நல்ல கனம். கைப்பிடி சுட்டது. வலது கை, இடது கை, மறுபடி வலது கை என்று மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனேன். ஆனாலும் விசில் அடித்துக்கொண்டே போனேன். ஃபேன், குறுக்கெழுத்து, பரோட்டா. போனதும் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்.

ஜீப்பைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றார்கள். கருத்தம்மா, முனியாயி, மற்றவர்கள். பின்படியில் தூக்குகள் வரிசையாக இருந்தன. கையோ சூடு தாங்கவில்லை. வரப்போகிற ஆள் யாரென்று தேடிப் பார்த்தேன். புது முகம் யாரும் இல்லை.

"என்ன சார், நின்னுக்கிட்டே இருக்கீக. கை சுடலியா?" என்றாள் கருத்தம்மா.

"சுடுது ஆத்தா."

"அப்ப வச்சிருங்க. எடம் விட்டு வச்சிருக்கு."

வைத்தேன். அப்பாடா என்று கையை உதறினேன்.

"பன்னெண்டு" என்றார் ராக்கையா.

பதினோரு பேரும் ஒரே மூச்சாக ஜீப்பில் ஏற ஆரம்பித்தார்கள். நான் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன்.

"எங்க போறீக?" என்றாள் கருத்தம்மா.

"வீட்டுக்கு."

"தூக்கு வச்சுட்டு வீட்டுக்கா?"

"அது என்னுது இல்ல ஆத்தா. தங்கலுக்கு வர்ற ஆளோடது. நான் சும்மா கொண்டாந்தேன்."

முனியாயி குனிந்து தூக்கைத் திருப்பினாள். அடியில் பெயர் வெட்டியிருந்தது. லிங்கேஸ்வரன். என் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த பாத்திரம். முனியாயிக்குப் படிக்கத் தெரியும்.

"ஒங்க பேரு. ஒங்க கை. நாங்க பதினோரு பேரும் பாத்தோம்" என்றாள் கருத்தம்மா. "நீங்க எனக்குத்தான் ஜோடி. வல்லி நேத்தே ஒங்க போர்வை, அட்டைக்குக் காலொற, உப்புப் பொட்டலம் எல்லாம் எங்கிட்டக் குடுத்துருச்சு. மயக்கம் வந்தா சோடா குடுக்கவும் சொல்லுச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம்ம பக்கந்தான். நேரா ஜீப்புக்கு வந்துருவாரு. அவருக்கு நாந்தான் செஞ்சு குடுக்கணும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னைப் பேக் பண்ணி அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் நான் பத்தொன்பது வருஷ அனுபவம் உள்ளவன். பத்தாம் வகுப்பு பி பிரிவையே சமாளித்தவன். போனை எடுத்தேன்.

"வல்லி, என்ன இது?"

"எது?"

"என்னையப் பத்து நாள் மலைக்கு அனுப்புற மஸ்ட் செல்லாது. நம்ம சட்டத்துல அப்படி இடமே இல்ல."

"நான் எங்க உங்களப் போகச் சொன்னேன்? தூக்கைக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோயாச்சுல்ல, மஸ்ட் முடிஞ்சுது. பத்து நிமிசந்தான் ஆச்சு."

"அப்ப நான் தூக்கை எடுத்துட்டு வீட்டுக்கு வரலாமா?"

"யூ கேன்" என்றாள். "ரெண்டு கை இருக்கு, எடுக்க முடியும். கருத்தம்மாகிட்டச் சொல்லிட்டு எடுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் நிமிர்ந்தேன். கருத்தம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஜீப்பில் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். பதினோரு பேரும் என் வலது கையைப் பார்த்தார்கள். அதை நான் மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ராக்கையாண்ணே" என்றேன். "அடுத்த வாரம் வந்தாலும் வருவேன். ஐ மே கம்."

"தூக்கு வச்சா வச்சதுதான் சார்" என்றார் ராக்கையா. "முன்னாடி உக்காருங்க. வாத்தியாரு, பின்னாடி இடிச்சுக்கிட்டு வர வேணாம்."

ஏறினேன். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் போடி ஒரு சுற்றுச் சின்னதாகிக்கொண்டே போனது. எங்கள் தெருவை அடையாளம் காண முயற்சி செய்தேன். அந்த ஃபேன் இப்போது யாருக்குச் சுற்றுகிறதோ என்று நினைத்தேன். பின்னாலிருந்து கருத்தம்மா முனியாயியிடம் பதினேழு அட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருபத்தி மூன்று ஆகியிருந்தது.

இருந்தாலும் மனம் தளரவில்லை. சட்டத்தில் நான் தோற்கவில்லை. அவள் சட்டத்துக்கு வெளியே போய் ஜெயித்தாள். இரண்டும் வேறு. இங்கிலீஷில் என்னை இன்னும் அவளால் அசைக்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள், அதுவும் தமிழ் மீடியம். அந்த ஒரு இடத்தில் நான்தான் மேலே. அந்த நினைப்பே பாதி மலை வரை தெம்பாக இருந்தது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். குளிர் காதைக் கடித்தது. மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். பசித்தது. தூக்கைத் திறந்தேன். புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் வாழை இலையில் நாலு உளுந்த வடை. ஒன்றைக் கடித்தேன். உப்பு சரியாக இருந்தது. நானூறு கன்றையும் நேராக வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

வடைக்கு அடியில் ஒரு காகிதம். என் சார்ட்டின் கீழ்ப்பாதி. பின்பக்கத்தில் இங்கிலீஷில் அவள் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. மை ஈரத்தில் கொஞ்சம் பரவியிருந்தாலும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

'யூ மஸ்ட் நாட் ஃபெயிண்ட். யூ மே கம் டவுன் ஆஃப்டர் டென் டேஸ்.'

"என்ன சார் எழுதியிருக்கு?" என்றாள் கருத்தம்மா.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக இரண்டு தடவை பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. மஸ்ட் நாட் இருக்க வேண்டிய இடத்தில் மஸ்ட் நாட் இருந்தது. மே இருக்க வேண்டிய இடத்தில், மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்குக் கொடுக்கிற அந்த மே இருந்தது.

பத்துக்குப் பத்து போட்டேன்.